கயிற்றுக்கு முன்னால் தூக்கிய கைகள்

அறுபத்தேழாம் வருடத்து ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவன் நான். பெயர் அத்தாவுல்லா. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திருவொற்றியூரில் யாரைக் கேட்டாலும் என் பெயர் வாயில் வராது. "அந்த வருசமா? சிலுவைமுத்து கையத் தூக்கினானே, அந்த வருசம்" என்பார்கள். வெயிலில் பத்து மைல் ஓடி ஜெயித்தவனுக்கு இந்த ஊர் செய்த மரியாதை அவ்வளவுதான்.

ஆகவே அவன் கதையை நானே சொல்கிறேன். மற்றவர்கள் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிலுவைமுத்து காசிமேட்டுக்காரன். கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவோடு கடலுக்குப் போனவன். ஒரு ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல். அப்பா மட்டும் போனார். எண்ணூர்ப் பக்கம் கட்டுமரம் கரை ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகும் அண்ணன் இக்னேஷியஸ் ஒரு கூட்டாளியோடு கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். வேறு என்ன செய்வான்? ஆனால் அம்மா இருதயம்மாள் சின்னவனைப் பிடித்து உட்காரவைத்து, "கடலுக்கு ஒர்த்தன் போறது போதும் நைனா. நீ தரையில பொழச்சிக்கோ" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல், வீட்டுச் செலவுக்கென்று கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்கவும் கிளம்பினாள்.

தரையில் பிழைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் கம்பெனி கேட்டில் நிற்பது. நாங்கள் நின்றது திருவொற்றியூர் ஹாலன்பி பைப் கம்பெனி வாசலில். விடியற்காலையில் ஐம்பது அறுபது பேர் கூடுவோம். மேஸ்திரி வெளியே வந்து பார்வையாலேயே பத்துப் பேரைப் பொறுக்குவார். அவர்கள் அன்றைக்குக் கேஷுவல். மிச்சப்பேர் லுங்கியைத் தட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். எங்கள் கண் முன்னாலேயே பர்மனென்ட் ஆட்கள் பித்தளை டோக்கனைக் காட்டிவிட்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போவார்கள். அந்த டோக்கன் மீது எங்களுக்கு இருந்த ஆசையை எந்தப் பெண் மீதும் நாங்கள் வைத்ததில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து நானும், காசிமேட்டிலிருந்து அவனும் அந்தக் கும்பலில்தான் பழகினோம்.

கம்பெனிக்கு ஓட்டத்தில் ஒரு கிறுக்கு இருந்தது. பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தயம் வைப்பார்கள். கேட்டில் கிளம்பி, எண்ணூர் முகத்துவாரம் போய், அங்கே வைத்திருக்கும் தார் டின்னைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கேட்டுக்கே வரவேண்டும். முதலில் வருகிறவன் கேஷுவலாக இருந்தால் அவனுக்கு அந்த வாரமே டோக்கன். கம்பெனி ஓட்டக் கோஷ்டியிலும் இடம்.

சிலுவைமுத்து தினமும் காசிமேட்டிலிருந்து கடற்கரை மணலிலேயே ஓடி வேலைக்கு வருகிறவன். மணலில் ஓடிய காலுக்குத் தார்ரோடு ஒரு பொருட்டா? போகும்போதே எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டான். திரும்பி வரும்போது எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு லாரி நிறுத்தலாம். கேட்டுக்கு முன்னால் சாலை ஒரு வளைவு வளையும். அதில் திரும்பினால் குறுக்கே கட்டிய சிவப்புக் கயிறு தெரியும். அவன் திரும்பினான், கயிற்றைப் பார்த்தான், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான்.

கயிற்றுக்கு இன்னும் நல்ல தூரம் இருந்தது. கை மேலே போனதும் கால் தளர்ந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, ஏதோ ஊர்வலத்தில் வருகிறவன் மாதிரி வந்தான். கேட்டருகே மீன்கூடையோடு நின்றிருந்த இருதயம்மாள், "ஓடுடா! பின்னால ஆள் வருதுடா! ஓடு நைனா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். என் காதில் விழுந்தது. அவன் காதில் விழவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடி, அவன் தோளை உரசிக்கொண்டு கயிற்றின் மேல் போய் விழுந்தேன். நான் எழுந்து திரும்பிப் பார்க்கும்போதுகூட அவன் கைகள் மேலேதான் இருந்தன. சிரிப்புதான் மெல்ல மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

டோக்கன் எனக்கு வந்தது. சந்தோஷமாக இருந்தேனா என்றால், இருந்தேன். ஏன் இருக்கக் கூடாது? ஆனால் மாலை போட்ட ஆபீசரே என் காதோரம், "இன்னிக்கு உனக்கு நல்ல அதிர்ஷ்டம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவனிடம் போனேன்.

"இன்னாடா பண்ண நீ? புத்தி கித்தி கெட்டுப்பூட்ச்சா?"

அவன் தன் கைகளை வேறு யாருடையவோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரில பாய். கடசி அலை மேல ஏறிட்டா துடுப்பத் தூக்கிடுவோம். தூக்கலன்னா தரையில குத்தி ஒட்ஞ்சிரும். அதுக்கு அப்பால அலையே இட்டுகினு போயி கரையில வுட்ரும். கயித்தப் பாத்ததும் கரைன்னு நெனச்சிட்ச்சி கை."

நான் நம்பவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து காசிமேட்டுக்கே போய் நின்று பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். அதுவரை உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டவர்கள், கடைசி அலை வந்து கட்டுமரத்தைத் தூக்கியதும் துடுப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சும்மா வந்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் அதே சிரிப்பு. தார்ரோட்டில் ஏது அலை? பாவம், அன்றைக்கு அந்த இடத்தில் அவனைக் கொண்டுபோய் விட யாருமில்லை. எனக்கு அவன் மேலிருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. ஊர் மேலிருந்த கோபம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

ஊர் சும்மா விடுமா? அவனுக்குக் 'கைதூக்கி' என்று பெயர் வைத்தது. டீக்கடையில் நுழைந்தால் நாலு பேர் கையைத் தூக்குவார்கள். பஸ் கண்டக்டர், "இன்னும் ஸ்டாப்பிங் வரல மாமு, கைய எறக்கு" என்பான். மேஸ்திரி ஆள் பொறுக்கும்போது, "வேல வோணும்னா கையத் தூக்கு" என்று சொல்லி அவனைப் பார்த்துக் கண்ணடிப்பார். ஒருவனையும் அவன் அடிக்கவில்லை. நானாக இருந்தால் இரண்டு பேர் பல்லாவது போயிருக்கும். அவன் தினமும் வந்து கேட்டில் நின்றான், கூப்பிட்டால் உள்ளே போய்ப் பைப் தூக்கினான், கூப்பிடாவிட்டால் எண்ணூர்ப் பக்கம் ஓடப் போனான்.

ஆடி மாதத்தில் இன்னொரு இடி விழுந்தது. இக்னேஷியஸோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டாளி, துறைமுகத்தில் மூட்டை தூக்க இடம் கிடைத்து, பொங்கலோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டான். கட்டுமரத்தில் தனி ஆளாகப் போனால் அப்பாவின் கதிதான். இக்னேஷியஸ் நல்லவன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன். "பொங்கலு பந்தயம் வரிக்கும் பாக்கறேன்டா தம்பி. டோக்கன் கெட்ச்சா நீ கம்பெனிக்குப் போ. கெடைக்கலன்னா எங்கூட வந்துரு. எனுக்கு வேற வயி இல்ல" என்றான். பக்கத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த இருதயம்மாள் கழுவிய கூடையையே திரும்பத் திரும்பக் கழுவினாளாம். இதைச் சிலுவைமுத்துதான் என்னிடம் சொன்னான். கடல் மேல் அவனுக்குப் பயம் கிடையாது. அம்மா மறுபடியும் கரையில் வந்து நிற்பாளே என்பதுதான் பயம்.

அதற்குப் பிறகு அவன் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். தெருவிளக்குக் கம்பம் ஒன்றைக் கயிறு என்று வைத்துக்கொண்டு ஓடுவான். கம்பம் நெருங்கும்போது கை எழும்பும். திரும்பப் போவான், திரும்ப ஓடுவான், திரும்ப எழும்பும். ஒருநாள் இரண்டு உள்ளங்கையிலும் கருங்கல்லை வைத்துக்கொண்டு ஓடினான், கனத்துக்காவது கை கீழே கிடக்கட்டும் என்று. கம்பம் வந்தது. கல்லோடு சேர்த்துத் தூக்கினான்! நான் சிரித்தது தப்புதான், ஆனால் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவனே சிரித்தான். பிறகு கல்லைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டுது பாய்."

"வெட்டிப் போடு. பேஜாரு தீந்துரும்."

அவன் கடல் பக்கம் திரும்பினான். "கை மேல இன்னா தப்பு? கரையப் பாத்தா தூக்குது. கயிறு கரை இல்லன்னு அதுக்கு ஆரு சொல்றது? எனுக்கு மெய்யாலுமே கரை எங்க கீதுன்னு அதுக்கு நான் காட்டணும்" என்றான். அவன் சொன்னது எனக்கு முழுதாக விளங்கவில்லை. பசியில் பேசுகிறான் என்று நினைத்து இரண்டு பன் வாங்கிக் கொடுத்தேன்.

அறுபத்தெட்டுப் பந்தயத்தில் நானும் ஓடினேன். டோக்கன் வாங்கியவனுக்கு மறுபடி ஏன் ஓட்டம் என்று என் வீட்டுக்காரி ஷம்ஷாத் கேட்டாள். ஏன் என்றால், இந்த முறை அவன் கையைத் தூக்காமல் ஓடட்டும், அப்படியும் நான் ஜெயிக்கிறேன், அதற்குப் பிறகு எவன் அதிர்ஷ்டம் என்று பேசுகிறான் பார்க்கலாம் என்பதற்காக. அவனுக்கு அது பிழைப்பு, எனக்கு அது மானம். அவனுக்காக விட்டுக்கொடுக்கலாமே என்று ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அவன் என் முகத்தில் விழித்திருக்க மாட்டான்.

அன்றைக்கு எதிர்காற்று. முகத்துவாரத்தில் டின்னைச் சுற்றும்போது இருவரும் தோளோடு தோள். திரும்புகையில் நான் முந்தினேன். கத்திவாக்கம் தாண்டும்வரை நான்தான் முன்னால். அவன் மூச்சு என் பிடரியில் கேட்டுக்கொண்டே இருந்தது. திருவொற்றியூர் எல்லையில் அவன் என்னைத் தாண்டினான். நானும் விடவில்லை, எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே ஒட்டிக்கொண்டு போனேன். கடைசியில் அவன் தளருவான் என்று என் மனசின் ஒரு மூலை எதிர்பார்த்தது. இதை மறைக்க என்ன இருக்கிறது?

வளைவு வந்தது. திரும்பினோம். சாலையின் இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு, "தூக்கு! தூக்குடா!" என்று ஊளையிட்டது. டீக்கடைக்காரன், கண்டக்டர், மேஸ்திரி, ஒருவர் பாக்கியில்லை. நடுவில் ஒரே ஒருத்தி கையைத் தூக்காமல், கூடையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருதயம்மாள். இந்த முறை அவள் கத்தவில்லை.

அவன் கயிற்றைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. கயிற்றுக்கு மேலே, அதைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டு ஓடினான். கை மேலே எழும்பவில்லை, விலாவோடு வேலை செய்துகொண்டிருந்தது. நான் என்னிடம் இருந்ததை எல்லாம் போட்டேன். போதவில்லை. அவன் நெஞ்சில் பட்டுக் கயிறு அறுந்தது, அவன் நிற்கவில்லை. மாலையோடு நின்ற ஆபீசரைத் தாண்டினான். திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்தான். டைம் ஆபீசைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தான்.

வாட்ச்மேன் தடியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "டேய்! டோக்கன் இல்லாம எங்கடா உள்ள போற? நில்றா!"

நானும் கயிறு கட்டியிருந்த இடத்தைத் தாண்டி அதே வேகத்தில் உள்ளே போய், அவர் கையைப் பிடித்தேன். "வுடுண்ணே. வர்ற வாரம் அவனுக்கும் டோக்கன்தான். நான் போயி இட்டுகினு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பைப் ஷெட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. மெஷின்கள் அணைந்து கிடந்தன. கேஷுவலாக வரும் நாட்களில் அவன் தூக்கிப் போடும் பைப்பை வளைக்கும் மெஷின் ஷெட்டின் கோடியில் இருந்தது. அவன் அதுவரை ஓடியிருந்தான். நான் போய்ச் சேரும்போது ஒரு உள்ளங்கையை அந்த இரும்பின் மேல் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தான். அறுந்த கயிறு இன்னும் அவன் மேல் தொங்கியது. பிறகு கையை இரும்பிலிருந்து எடுத்து, மற்றதையும் சேர்த்து, மெதுவாக இரண்டையும் தலைக்கு மேலே தூக்கினான்.

தோற்றுப்போய் வந்தவன் நான், என் கண்ணில் ஏன் தண்ணீர் வர வேண்டும்? வந்தது.

அவன் திரும்பவில்லை. கையை இறக்கவுமில்லை. "பின்னால யாருனா வராங்களா பாய்?" என்று கேட்டான்.

"யாரும் இல்லடா முத்து. நான் மட்டும்தான். நானும் நின்னுட்டேன்."

"நல்லாப் பாத்து சொல்லு."

வெளியே எட்டிப் பார்த்தேன். கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும் வெயில் மட்டும்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே, உள்ளே வர டோக்கன் இல்லாத இருதயம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கூடை தரையில் இருந்தது.

"ஒர்த்தரும் வரல" என்றேன். "உங்கம்மா நிக்கறாங்க."

அதன் பிறகுதான் அவன் கையை இறக்கினான்.