அத்தானின் கடுக்கன்

லண்டனுக்கு வந்த புதிதில் குட்மேய்ஸில் அக்கா வீட்டுச் சின்ன அறையில் இருந்தேன். அதை அக்காவின் கணவர் வருடக்கணக்காக யாரையும் மறக்க விட்டதில்லை. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் எனக்குச் சொந்த வீடு வந்துவிட்டது, தலையும் நரைத்துவிட்டது. ஆனாலும் விருந்தாளி யார் வந்தாலும் அத்தான் என்னை அறிமுகம் செய்வது ஒரே மாதிரித்தான். "இவர் எங்கட பொக்ஸ் றூமில கிடந்தவர்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஞாயிறு மத்தியானச் சீட்டாட்டமும் அவர் வீட்டில்தான். முன்பு முந்நூற்றி நாலு என்ற ஊர்ச் சீட்டாட்டம் ஆடினோம். லொக்டவுனில் ஆட்டம் இணையத்துக்குப் போய் போக்கராக மாறிவிட்டது. கதவுகள் திறந்த பிறகும் எட்மண்டனில் இருந்த கூட்டாளிகள் அவ்வளவு தூரம் வரப் பஞ்சிப்பட்டார்கள். அதனால் அவர்கள் தங்கள் வீட்டிலும் நாங்கள் அத்தானின் ஹோலிலுமாக, ஆளுக்கொரு கைபேசியோடு ஒரே இணைய மேசையில் ஆடினோம். பென்னி ஆட்டம்தான், காசு யாருக்கும் பெரிதில்லை. பெரிதாக இருந்தது கடுக்கன். முந்நூற்றி நாலில் தோற்றவர் காதில் கடுக்கன் மாட்டுவது எங்கள் வழக்கம். லண்டனில் அதற்கு உடுப்புக் காயப்போடும் கிளிப். அத்தான் அதைப் போக்கருக்கும் கொண்டுவந்து ஒரு சட்டம் போட்டார். யாராவது தன்னிடமுள்ள பந்தயச் சில்லுகள் எல்லாவற்றையும் தள்ளி இன்னொருவரோடு மோதினால், தோற்பவர் தேத்தண்ணி முடியும்வரை கிளிப்போடு இருக்கவேண்டும்.

அந்தச் சட்டம் அவருக்குத்தான் வசதி. அவர் எப்போதும் எங்களைவிடப் பல மடங்கு சில்லுகளோடு உட்காருவார். ஒவ்வொரு சுற்றிலும் தொகையை ஏற்றி ஏற்றி மிரட்டுவார். நாங்கள் காதை நினைத்துச் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குவோம்.

அத்தானின் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் தகப்பன் வந்திருந்த ஞாயிறு அது. எனக்கு ஜாக்கும் ஒன்பதும் விழுந்தன. முந்நூற்றி நாலில் அவற்றுக்கு மேல் சீட்டே கிடையாது. போக்கரில் அவை நடுத்தரச் சீட்டுகள் என்பது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். அத்தான் ஆசும் ராசாவும் காட்டி வென்றார்.

"மச்சான் இன்னும் முந்நூற்றி நாலிலதான் நிக்கிறான்," என்று சொல்லி, தானே என் காதில் கிளிப்பை மாட்டிப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். சம்பந்தி வீட்டார் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியை நீட்டினாள். இந்த மனிசனின் காதில் இதை மாட்டாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

வேலைக்குப் போகும் ரயிலில் போக்கர் காணொளிகளாகப் பார்த்தேன். அப்போதுதான் 'ஷோர்ட் ஸ்டாக்' ஆட்டம் தெரியவந்தது. மேசை அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகையோடு உட்காரவேண்டும். சாதாரணச் சீட்டையெல்லாம் வீசிவிட்டு, உண்மையிலேயே நல்ல சீட்டு வந்தால் முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் தள்ளவேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய பணக்காரனாலும் நம்மை மிரட்ட முடியாது, மிரட்டுவதற்கு நம்மிடம் மிச்சமே இருக்காது. பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. என் சில்லு கொஞ்சமென்றால் அத்தான் அலட்சியமாக வந்து மோதுவார். ஆனால் சில்லு எவ்வளவானாலும் கிளிப் ஒன்றுதான்.

ரயிலிலேயே சில்லறை மேசைகளில் பழகினேன். கஷ்டமானது வீசுவதுதான். ஜாக்கும் ஒன்பதும் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அத்தானின் முகத்தை நினைப்பேன், வீசிவிடுவேன்.

பிறகொரு ஞாயிறு, சம்பந்தி வீட்டாரும் வரும் நாளாகப் பார்த்து, கொஞ்சச் சில்லோடு போய் உட்கார்ந்தேன்.

"என்ன மச்சான், வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களோ?" என்றார் அத்தான்.

வீசினேன், வீசினேன்.

"விளையாட வந்தனியோ, சீட்டு எறிய வந்தனியோ?"

அப்போது இரண்டு ராசா வந்தன. எல்லாவற்றையும் தள்ளினேன். அத்தான் தன் கைபேசியைப் பார்த்தார், கண் மலர்ந்தது. எனக்கு அந்த மலர்ச்சி நன்றாகத் தெரியும்.

"இந்தச் சில்லறைக்கு யோசிக்க என்ன கிடக்கு?" என்று கூட வந்தார். திரையில் அவருடைய சீட்டுகள் திரும்பின. ஜாக், ஒன்பது.

மேசையில் ஒரு ஒன்பது விழுந்தது. அவருக்கும் ஒரு சோடி, இன்னொரு ஒன்பதோ ஜாக்கோ விழுந்தால் என் ராசாக்கள் தோற்றுவிடும். மிச்சச் சீட்டுகள் எதுவும் அவருக்கு உதவவில்லை.

"அத்தான் இன்னும் முந்நூற்றி நாலிலதான் நிக்கிறார்," என்றேன்.

"இந்தச் சல்லிக்கெல்லாம் கடுக்கன் ஏலாது," என்று அவர் எழும்பினார்.

"இருங்கோ." அக்கா கொடியில் உடுப்பெடுத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். கையிலிருந்த கிளிப்பை அவர் காதில் மாட்டினாள். "என்ர தம்பி அந்த றூமில கிடந்த கதை இண்டையோட முடிஞ்சுது."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. தேத்தண்ணி வந்தது. எல்லோரும் குடித்துக் கோப்பையை வைத்தார்கள். தேத்தண்ணி முடிந்ததென்று அத்தான் கிளிப்பைக் கழற்றக் காதுக்குக் கையைக் கொண்டுபோனார். அக்கா கேட்காமலே என் கோப்பையை மறுபடி நிரப்பினாள். நான் அதை ஊதி ஊதி, ஆறவிட்டுக் குடித்தேன்.