அண்ணை என்ற சொல்லுக்கு ஒரு சாட்சி

என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதத்தை எனக்கு முழுதாக வாசித்து விளங்கப்படுத்தியவர், ஹெயிட்டியில் பிறந்த ஒரு மொழியியல் பேராசிரியை.

நான் 2009இல் இலங்கையிலிருந்து பாரிசுக்கு வந்தவன். ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பேராசிரியை பக்கத்துத் தெருவான ரூ பிலிப்-து-ஜிராரில் குடியிருந்தார். கடையில் எல்லோரும் அவரை மடம் என்றுதான் கூப்பிடுவோம். அறுபது வயதை நெருங்கியவர், தனியாள். சனிக்கிழமை மத்தியானங்களில் வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, கடை ஓயும்வரை அங்கேயே இருந்து மாணவர்களின் சோதனைத்தாள் திருத்துவார்.

கடிதம் வந்த கிழமை முதலாளி என்னைக் குசினியிலிருந்து கூப்பிட்டார். "அந்தக் கடிதத்தை மடத்திட்டைக் காட்டு. அவ படிச்ச மனிசி."

பேராசிரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, எனக்கு விளங்கும்படி மெதுவாக, பிரெஞ்சில் கேட்டார்.

"உங்களுக்கு மூத்த சகோதரன் இருக்கிறாரா?"

"இல்லை மடம். மூன்று அக்காமார்தான்."

"ஆனால் விசாரணையில், உங்களைச் சகோதரன் லொறியில் ஒளித்துக் கொண்டுபோனார் என்று சொல்லியிருக்கிறீர்கள். முதலில் சகோதரன் இல்லை, பிறகு இருக்கிறார். ஆகவே உங்கள் கதையை நம்ப முடியாதாம்."

நான் சொன்னது "லொறிக்கார அண்ணை" என்று. அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்துச் சாக்கால் மூடிவிட்டவர். என் உயிரைக் காப்பாற்றியவரை வேறு எப்படிச் சொல்வது? மொழிபெயர்த்தவர் அண்ணை என்பதைச் சகோதரன் என்று போட்டுவிட்டார். எழுதிய அதிகாரி ஒரு கேள்வி திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷம் போயிருக்கும்.

பேராசிரியை பேனாவை எடுத்தார். "இந்தக் கடையில் நீங்கள் யாரை எல்லாம் அண்ணை என்று கூப்பிடுவீர்கள்?"

நான் சொல்லச் சொல்ல எழுதினார். சமையல்காரர், முதலாளி, மீன் கொண்டுவருபவர், எதிர்க்கடைக்காரர். முதலாளியிடம் திரும்பி, "நீங்கள் இவருடைய சகோதரனா?" என்று கேட்டார்.

"நானோ? இவன் எந்த ஊர், நான் எந்த ஊர்!" என்று தமிழில் சிரித்துவிட்டு முதலாளி பிரெஞ்சில் இல்லை என்றார். பேராசிரியை சிரிக்கவில்லை.

"இதே வேலையை எங்கள் ஆட்களுக்கும் செய்தார்கள்," என்றார்.

ஹெயிட்டியில் பூமி அதிர்ந்து அந்த நாட்டுச் சனம் இடிந்துபோயிருந்த காலம் அது. ஹெயிட்டிக்காரர் பிரெஞ்சு பேசுவார்கள் என்று சொல்லி, அவர்களின் ஊர்மொழியான கிரியோல் மட்டும் தெரிந்த ஒருவரை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விசாரித்திருக்கிறார்கள். கிரியோலில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் "லி" என்ற ஒரே சொல்தான். அந்த மனிதர் தன் அக்காவைப் பற்றிச் சொல்ல, கேட்டவர் காதில் அது அவன் என்று பொருள்படும் பிரெஞ்சு "லுயி" என்று விழுந்திருக்கிறது. பிறகு அக்கா என்று வந்ததும், பொய்க்காரன் என்று எழுதிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வழக்கைப் பற்றிக் கேட்க வந்து, தன்னைப் பற்றியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கடற்கரை ஊரில் தையல்காரரின் மகள். வீட்டில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு தவிர வேறு பேசக்கூடாது. வாய் தவறிக் கிரியோல் பேசினால் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். ஆறு வயதில் ஒரு கிழமை முழுக்க அதைச் சுமந்திருக்கிறார். தண்ணீர் கேட்டதற்காக.

புலமைப்பரிசில் கிடைத்துப் பாரிசுக்கு வந்து, கிரியோலின் இலக்கணத்தை ஆராயப்போகிறேன் என்று சொன்னபோது, அவருடைய முதல் மேற்பார்வையாளர், "உடைந்த பிரெஞ்சுக்கு என்ன இலக்கணம்?" என்று கேட்டாராம். வேறு ஒருவரைத் தேடிப்பிடித்து அதையே எழுதினார். அதற்குத் தண்டனைபோலப் பன்னிரண்டு வருஷம் பல்கலைக்கழகத்தில் நிரந்தரமில்லாத வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். அவரிடம் படித்தவர்கள் அவருக்கு முன்னால் பேராசிரியர் ஆனார்கள். அவருக்கு அந்தப் பதவி வந்தபோது வயது ஐம்பது.

இதை அவர் ஒரு சலனமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போவார். கழுவிய கை காயாமல் முன்னால் நின்று கேட்கிற எனக்குத்தான் பற்றி எரியும்.

என் மேன்முறையீட்டுக்கு இரண்டு பக்க அறிக்கை ஒன்றை எழுதித் தந்தார். விசாரணை நாளன்று தானும் வந்தார். நீதிமன்ற வாசலில் நின்ற காவலாளி, என் வழக்கை எடுத்த லோயரை உள்ளே விட்டான். பேராசிரியையின் கறுத்த முகத்தைப் பார்த்ததும் அகதிகளின் வரிசையைக் கையால் காட்டினான்.

"நான் சாட்சி. பல்கலைக்கழகப் பேராசிரியை."

"வரிசை அங்கே, மடம்."

அவர் அடையாள அட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். அவன் அதை மறுபக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். லோயர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் விட்டான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை.

உள்ளே நீதிபதி கேட்டார்: "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது. நிராகரித்து எழுதிய அதிகாரிக்கும் தெரியாது. ஆனால் நான் கேட்டு அறிந்தேன்."

சில கிழமையில் முடிவு வந்தது. எனக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது. முதலாளி கடை முழுக்க லட்டு கொடுத்தார். பேராசிரியை முடிவை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"அண்ணை என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. பிழை நடந்தது என்று இல்லை. இரக்கப்பட்டுத் தந்தமாதிரி எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் நாளைக்கு வருகிறவருக்கும் இதேதான்."

அதுவரை சந்தோஷமாக இருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பொய்க்காரன் இல்லை என்று இந்த நாட்டில் ஒரு தாளும் இன்றுவரை சொல்லவில்லை.

சில வருஷங்கள் கழித்து அவர் ஓய்வுபெற்றார். பிரியாவிடைக்கு என்னையும் அழைத்தார். நான் அப்போது பாரிசுக்கு வெளியே பொண்டியில் குடியிருந்து, ஒரு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சின்ன அறை, இருபது பேர் வரை. துறைத் தலைவர் எழும்பி, பேராசிரியையின் பிரெஞ்சு எவ்வளவு அழகானது, கேட்க எவ்வளவு இனிமை என்று ஐந்து நிமிஷம் பேசினார். கிரியோல் இலக்கணம் பற்றிப் பேராசிரியை எழுதிய புத்தகங்களில் ஒன்றின் பெயர்கூட அந்த வாயில் வரவில்லை.

பேராசிரியை எழும்பினார். "நன்றி. முப்பது வருஷமாக ஒரே நடைகூடத்தில் இருந்தோம். நான் எழுதியதில் எதை வாசித்திருக்கிறீர்கள்?"

துறைத் தலைவர் சிரிக்கப் பார்த்தார். பின்னால் யாரோ ஷாம்பெய்ன் போத்தலைத் திறந்து, அந்தச் சத்தத்தால் கேள்வியை மூடினார்கள். பேராசிரியை கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நானும் வந்தேன்.

அவருடைய இடத்துக்கு வேறொருவரை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் கிரியோல் வகுப்பை நிறுத்திவிட்டார்கள், படிக்க ஆட்கள் போதாதென்று. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு நான் துறைக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினேன். அவருக்குக் காட்டித் திருத்தவில்லை. பிழைகள் இருந்தால் இருக்கட்டும். இரண்டு வருஷமாகிறது. பதில் இல்லை. நேற்று இன்னொன்று எழுதித் தபாலில் போட்டேன்.