தங்கச்சி வண்டி

எனக்கு டர்போசார்ஜர் மேல் எந்தக் கோபமும் இல்லை. லாரிக்கு அதைப்போல ஒன்று கிடையாது. சங்ககிரியிலிருந்து நாக்பூர் வரை நேர் சாலையில் பாரம் இழுக்கிற எஞ்சினுக்கு, வீணாய் வெளியே போகிற புகையை வைத்தே சக்கரம் சுழற்றி, கூடுதல் காற்றை ஊட்டுகிற சாமான் அது. என் கோபம் எல்லாம் அதை என் காரில் மாட்டியவர்கள் மேல்.

கார் என்றால் இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு படுத்த, பழைய ஸ்போர்ட்ஸ் கார். என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அஸ்தம்பட்டியில் தனியாகக் குடியிருக்கிறேன். தெருவைத் தாண்டினால் ஏற்காடு சாலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கே எனக்கு. ஒவ்வொரு வளைவிலும் வேகம் முழுக்கச் செத்து, திரும்பியதும் உடனே உயிர் வர வேண்டும். டர்போ புகையை நம்பிச் சுற்றுவது. எஞ்சின் வேகம் எடுக்கிற வரை அது தூங்கும். அதே வேலையைச் செய்கிற சூப்பர்சார்ஜரோ எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டியது. மிதித்த நொடியே காற்று வரும். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், குடிக்கட்டும். வளைவுக்கு அதுதான் சரி என்று ஒரு வருடம் யோசித்து முடிவு செய்து, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தும் விட்டேன்.

இதை எங்கள் குடும்பத்துக்குப் பாடம் எடுக்கவே வேண்டியதில்லை. அண்ணன் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்குகள் வைத்திருக்கிறார். ரிக் கம்ப்ரசரும் இதே சங்கதிதான்: எஞ்சின் சுற்றினால் உள்ளே ஸ்குரூ சுற்றும், வால்வைத் திறந்தால் காற்று. அந்தக் கம்ப்ரசர்களுக்கு உதிரிபாகம் வாங்குவது, எந்த ஊரில் எது படுத்தாலும் ஆள் அனுப்புவது எல்லாம் பன்னிரண்டு வருடமாக என் வேலை. ரிக் லாரிகளுக்காகச் சங்ககிரியில் அண்ணனுக்கு வேண்டிய லாரிப் பட்டறைக்கு நான் செய்த போன்களுக்கு அளவே இல்லை.

அந்தப் பட்டறைக்குத்தான் காரையும் சூப்பர்சார்ஜர் வந்த மரப்பெட்டியையும் கொண்டுபோனேன். மெக்கானிக்குக் கை சுத்தம், வாய்தான் நீளம். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங் அம்மிணி, ஊட்டுல கேட்டுட்டீங்களா?"

"அந்த ஊடே நான்தானுங்க. என்னையக் கேட்டேன், சரின்னுட்டேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இதை மட்டுந்தான் மாட்டோணும். வேற எதும் வேண்டாமுங்க" என்றேன். தலையை ஆட்டினார். எங்கள் பக்கத்துத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள், மத்தியப் பிரதேசத்தில் போர் போடப் போயிருந்த அண்ணனின் ரிக் ஒன்றின் கம்ப்ரசர் படுத்துவிட்டது. நேரில் போய்ச் சரிசெய்து திரும்பப் பத்து நாள் ஆனது. வந்தால் கார் தயார் என்றார்கள். பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு டர்போ உட்கார்ந்திருந்தது, ஏதோ சின்ன லாரியிலிருந்து கழற்றியது. என் பெட்டி ஒரு ஆணிகூடப் பிடுங்காமல் மூலையில் கிடந்தது. அதன் மேல் ஆறு டீ கிளாஸ்.

"யாருங்க இதைப் போடச் சொன்னது?"

"அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டனுங்க. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும், லாரி பூரா டர்போலதான ஓடுது, அதையே மாட்டி உடுங்கன்னாருங்க."

கம்ப்ரசர் படுத்தால் மட்டும் இந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியும்.

அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர்த் தமிழில் எவ்வளவு திட்டினாலும் அந்த 'ங்க' மட்டும் விட்டுப் போகாது. எனக்கு அன்றைக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. "யாரைக் கேட்டுங்க சொன்னீங்க? உங்க ரிக்குல நான் வந்து எதையாச்சும் மாத்துனா சும்மா இருப்பீங்களா?"

"ஏன் அம்மிணி இந்தக் குதி குதிக்கற? காருதான? அதை வெச்சு போரா போடப் போற?"

"ஞாயித்துக்கெழமை காலைல வாங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க."

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரியில் ஏறுகிற தோரணையில் அந்தத் தாழ்ந்த சீட்டில் இறங்கினார். முதல் வளைவுகளில் அவர் மிதிக்க மிதிக்க, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி எஞ்சின் சும்மா இருந்தது. "கியரைக் கொறைச்சுப் போட்டு மெதுவா" என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஏழாவது வளைவில் பொறுமை இழந்து ஒரே மிதியாக மிதித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், அவ்வளவு நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூங்கிய டர்போ மொத்தமாக விழித்தது, வளைவின் நட்ட நடுவில். காரின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிக்கொண்டு, ஓரச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அண்ணனின் விரல்கள் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை.

"இது ஆகாது சாமி" என்றார் கடைசியில். அவ்வளவுதான். நீ சொன்னதுதான் சரி என்கிற மூன்று வார்த்தை வாயில் வரவே இல்லை. எனக்குப் பாதி பயம், பாதி கோபம். இறங்கி நான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டார்.

"அண்ணன் நேத்தே சொல்லிட்டாருங்க. சூப்பர்சார்ஜரையே மாட்டிரலாம்னு. அண்ணன் சொன்னாருன்னா அதுல ஒரு வெவரம் இருக்குமுங்க."

பெட்டியின் மேல் டீ கிளாஸ்கள் இல்லை. துடைத்து வைத்திருந்தார்கள். நான் ஒரு வருடம் யோசித்தது அண்ணனின் விவரமாகிவிட்டது. கேட்டது கிடைக்கிறதே, பேசாமல் இரு என்று எனக்கே தோன்றியது. கோபத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் வருமா என்று அம்மா ஆயிரம் முறை என்னிடம் கேட்டிருக்கிறாள். மூக்கை அறுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. சுவர் ஆணியில் தொங்கிய என் காரின் ஜாப் கார்டைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே, உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'தங்கச்சி வண்டி'.

"இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற கார்டு எழுதுங்க. நான் சொல்லித்தான் இந்த வேலை நடக்குதுன்னா பெட்டியைப் பிரிங்க. இல்லீன்னா காரையும் பெட்டியையும் வெளிய தள்ளுங்க, நான் வேற பட்டறை பாத்துக்கறேன்."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. மெக்கானிக் மேசை இழுப்பறையிலிருந்து புதுக் கார்டு ஒன்றை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். எழுதக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி" என்றார், தலையை நிமிர்த்தாமல். "உங்க பேரு என்னங்க?"

பன்னிரண்டு வருடம். பேனாவை வாங்கி நானே எழுதினேன்.