போதுமா சித்தப்பா?

என் பள்ளிக்கூடத்தை நான் முதன்முதலாகப் பார்த்த அன்று, அதில் சேர்ந்து எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கொரோனா வந்த வருடம்தான் ஐந்தாம் வகுப்பு முடித்து, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால், அப்பாவின் செல்போனில் சேர்ந்தேன். மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கட்டில்தான் வகுப்பறை. மேலே சீருடைச் சட்டை, கீழே பழைய டவுசர். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரையும் எனக்குத் தீப்பெட்டி அளவில் தெரியும்.

அதே பள்ளிக்கு என் சித்தப்பா எனக்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தார். படிக்க அல்ல, வேன் ஓட்ட. பள்ளியை மூடியதும் அந்த வேன் எங்கள் வாசலிலேயே நின்றது. அதில் ஒரு பூனை குட்டி போட்டது. மூன்றாம் மாதம் சித்தப்பா பூனையைக் குடும்பத்தோடு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிவந்து விற்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் மட்டும் போகமாட்டார். வேனில் வந்த பிள்ளைகளின் அப்பா அம்மாவிடமே தக்காளி விற்க அவருக்குக் கூச்சம். அதனால் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி முடிச்சூர் வரைக்கும் போய்விடுவார்.

இரண்டே நாள் கூவியதில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு வேன் கூரையில் ஒரு குழாய் ஸ்பீக்கரை மாட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிவப்பு ஸ்விட்சும் வைத்தார். ஸ்பீக்கர் இருந்தால் போதுமா, குரல் வேண்டாமா? அதற்கு நான் அகப்பட்டேன். தெருநாய் சத்தம் கேட்கக்கூடாது என்று அம்மாவின் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு செல்போனில் பேசினேன்: “தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா! காஞ்ச மொளகா வந்திருக்கு அக்கா, காரத்துக்கு நான் கேரண்டி! போதுமா சித்தப்பா?”

கடைசி இரண்டு வார்த்தைகள் வியாபாரத்துக்காகச் சொன்னவை அல்ல, சித்தப்பாவைக் கேட்டவை. ஆனால் அதை வெட்டி எடுக்க அவருக்குத் தெரியவில்லை. அப்படியே போட்டுவிட்டார். முடிச்சூர் முழுக்க ஒவ்வொரு தெருவிலும், காரத்துக்கு உத்தரவாதம் தந்த கையோடு, போதுமா சித்தப்பா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

வினை ஒரு கணக்கு வகுப்பில் வந்தது. முடிச்சூரில் இருந்த ஒரு பையன் சந்தேகம் கேட்பதற்காக மைக்கைத் திறந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் வந்துவிட்டேன். “காரத்துக்கு நான் கேரண்டி! போதுமா சித்தப்பா?” முப்பத்தெட்டுத் தீப்பெட்டிகளும் குலுங்கிச் சிரித்தன. அந்தப் பையன், “மிஸ், இது எங்க தெருவுக்கு டெய்லி வரும் மிஸ். தக்காளி பாப்பா!” என்றான்.

பாப்பா! எனக்கு அப்போது மெல்லிய குரல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பாப்பாவா? சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று எல்லோரையும்விட அதிகமாக நான்தான் சிரித்தேன். அன்று சாயந்திரம் சித்தப்பா வண்டியை நிறுத்தியதும் ஓடிப்போய், அவர் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டு, “இது நான்தான்னு எங்க ஸ்கூல்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க” என்றேன். சத்தியம் செய்தார். அதற்குள் வாடிக்கைக்காரர்களுக்கு அந்தக் குரல் பழகிப்போயிருந்ததால் அதை மாற்றவும் முடியவில்லை.

பிறகு ஒரு நாள் பள்ளி திறக்கப்போகிறது என்று செய்தி வந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. என்னைவிடச் சித்தப்பாவுக்குத்தான் ஆனந்தம். வேனை மூன்று முறை கழுவினார். கிருமிநாசினி தெளித்தார். ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் கறுப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டார். ஜன்னல்களை ஏற்றிப் பூட்டி, இனி பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை ஒரு கிருமியும் ஏறக்கூடாது என்று வேனைச் சுற்றி ஒரு முறை நடந்துவந்தார். ஸ்பீக்கரை மட்டும் கழற்றவில்லை. பிள்ளைகள் பாதிப் பேர்தான் வருவார்கள் என்பதால், மத்தியானத்தில் கொஞ்ச நாள் காய்கறியும் ஓடட்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அந்தக் காலை வேனில் நாங்கள் ஆறு பேர். வழக்கமாக முன்சீட்டுக்குச் சண்டை போடுகிற நான், அன்று பின்னால் போய் உட்கார்ந்தேன். இறங்கும்போது ஞாபகமாகப் பையை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சித்தப்பா திரும்பினார். நான் மற்றப் பிள்ளைகளைப் போலவே, “சரி அங்கிள்” என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஒன்றரை வருடம் மிளகாய் மூட்டை உட்கார்ந்த சீட்டை மூன்று முறை கழுவினால் மேல்துணி சுத்தமாகும். உள்ளே இருக்கும் பஞ்சு என்ன செய்யும்? வேகத்தடையில் வேன் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும், நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத காரம் கிளம்பியது. கேம்ப் ரோடு சிக்னலில் ஒரு சின்னப் பெண் முதல் தும்மலைப் போட்டாள். அடுத்த சிக்னலுக்குள் ஆறு பேரும் தும்மிக்கொண்டிருந்தோம். சித்தப்பாவும் தும்மினார். ஜன்னலை எல்லாம் இறக்கிப் பார்த்தும் பயனில்லை, உள்ளே வந்த காற்று மிச்சத்தையும் கிளப்பிவிட்டது.

பள்ளி வாசலில் பலூன் தோரணம் கட்டியிருந்தார்கள். தலைமையாசிரியை கையில் பூத்தட்டு. அவர் பக்கத்தில் பி.டி. சார், வெப்பம் பார்க்கும் துப்பாக்கியோடு. வேன் போய் நின்றது. கதவைத் திறந்தோம். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுக, ஆறு பேரும் ஒரே நேரத்தில் தும்மினோம்.

வாசலில் இருந்த கூட்டம் அப்படியே பத்தடி பின்னால் போனது. ஒரு அப்பா தன் பையனை மறுபடி ஸ்கூட்டரில் ஏற்றினார். பி.டி. சார் தூரத்திலிருந்தே துப்பாக்கியை நீட்டி, “யாரும் எறங்காதீங்க! அங்கேயே இருங்க!” என்று கத்தினார்.

“சார், இது கொரோனா இல்ல சார், மொளகா!” என்று சித்தப்பா ஸ்டியரிங்கில் இருந்தபடியே கத்தினார். “இவ்ளோ நாளா இந்த வண்டிலதான் மொளகா, தக்காளி வித்துகினு இருந்தேன். சீட்டுல நெடி நின்னுபோச்சு சார். நீங்களே வந்து மோந்து பாருங்க.” சொல்லி முடித்ததும் பெரிதாக ஒரு தும்மல் போட்டார்.

மோந்து பார்க்க யார் வருவார்? “இன்னாங்க கதை விடுறீங்க? ஸ்கூல் வேன்ல ஏது மொளகா?” என்றார் பி.டி. சார். தலைமையாசிரியை பூத்தட்டை மேசைமேல் வைத்தார். “டிரைவர், பிள்ளைங்கள அப்படியே வீட்டுல விட்டுடுங்க. எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கட்டும். உங்க வேனை இனிமே அனுப்ப வேணாம், நாங்க வேற ஆளு பார்த்துக்கறோம்.”

மூன்று முறை கழுவிய வேனுக்குள் சித்தப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு அப்பால் என் வகுப்புப் பையன்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து வெளியே வந்து, கையும் காலுமாக, என்னை முதன்முதலாகப் பார்த்துக்கொண்டு. அந்த முடிச்சூர்ப் பையனும் அதில் இருந்தான். முகக்கவசத்துக்கு மேலே அவன் கண் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. இரண்டு சீட்டைத் தாண்டிக் குதித்து முன்னால் போய், ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டேன். சித்தப்பாவின் இடது கை குறுக்கே இருந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சிவப்பு ஸ்விட்சை அழுத்தினேன்.

“தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா! காஞ்ச மொளகா வந்திருக்கு அக்கா, காரத்துக்கு நான் கேரண்டி! போதுமா சித்தப்பா?”

பலூன் தோரணம் அதிரும்படி வந்தது சத்தம். எங்கள் தமிழ் மிஸ் இரண்டு கையையும் தட்டினார். “ஐயோ மேடம், இது எங்க தெருவுக்கு வர்ற வண்டி! இதுல வாங்குன மொளகாய அரைக்கக் குடுத்துட்டு, மிஷின்காரர்கிட்ட நான் திட்டு வாங்கினேன். மிஷின் கடையே தும்முச்சு!”

முதலில் சிரித்தது தலைமையாசிரியைதான். எங்களை வேப்பமரத்தடியில் தள்ளித்தள்ளி உட்காரவைத்தார்கள். கால்மணி நேரத்தில் தும்மல் நின்றது. துப்பாக்கி ஆறு நெற்றியையும் பார்த்துப் பச்சை விளக்குக் காட்டியது. சீட்டுப் பஞ்சை எல்லாம் மாற்றிவிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து வேன் வரலாம் என்று தலைமையாசிரியை சொன்னார். நான் வேன் ஜன்னலைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, “வரேன் சித்தப்பா!” என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

வகுப்பில் நுழைந்ததுமே முடிச்சூர்ப் பையன் எழுந்து நின்று, “வாங்க சித்தப்பா, போதுமா?” என்றான். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தப் பள்ளியில் என் பெயர் சித்தப்பாதான். ஒரு ஆசிரியர்கூட ஹாஜர் எடுக்கும்போது வாய்தவறிக் கூப்பிட்டிருக்கிறார். பாப்பாவுக்கு அது எவ்வளவோ மேல்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் பெருமையை நானே அளந்தேன். இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கிறது, அதைப் போட்டுக் காட்டலாம் என்று சித்தப்பாவுக்குத் தோன்றவே இல்லை, நான் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். சித்தப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே, “ஆமாடா, எனக்கு எங்க அவ்ளோ மூளை?” என்று சிரித்தார். நானும் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் கல்லூரி விடுமுறையில் அதே வேனில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல்நாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடது கையைச் சும்மா கீழே தொங்கவிட்டேன். அது நேராகப் போய் அந்தச் சிவப்பு ஸ்விட்சின்மேல் விழுந்தது. அன்று நான் தள்ளிவிட்ட கை குறுக்கே இருக்கவில்லை. ஸ்விட்சின்மேல்தான், அதை அழுத்தாமல் இருந்தது, என் தலையில் வைத்துச் சத்தியம் செய்த அதே கை.