முகட்டுத் துண்டு

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அவருடைய பழைய குளிர் ஜாக்கெட்டை மடித்தபோது, பையிலிருந்து வைக்கோல் நிறத்தில் படம் பொருத்தும் பசில் துண்டு ஒன்று விழுந்தது. அதன் ஈர அட்டை மணத்தோடு, நாடு விட்டு வந்த புதிதில் வோபர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த, எப்போதோ இடித்துவிட்ட வீட்டின் பேஸ்மென்ட் திரும்பி வந்தது. தலைக்குமேல் வீட்டுக்காரரின் காலடி, சுவருக்குள் ஹீட்டரின் முனகல், மேசை நிறைய ஆயிரம் துண்டுகள்; பெட்டி மூடியில் மாடி ஜன்னல்கள்மேல் இமைபோலக் கவிந்த தடித்த வைக்கோல் கூரையோடு ஒரு பழைய இங்கிலாந்து வீடு. எல்லோரும் ஓரங்களிலிருந்து தொடங்கும் பசிலை, வேலையால் வந்த அப்பா கூரையின் கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி வரிவரியாக அடுக்குவார்.

"கீழயிருந்துதான் கூரை மேய வேணும், பிள்ளை. இல்லாட்டி மழை உள்ளுக்கு வந்திடும்."

பனிக்காலம் முடிய, முகட்டில் ஒரேயொரு துண்டுக்கான இடம் மிஞ்சியது. சித்தப்பா அப்போது ஊரிலிருந்து புறப்படக் காத்திருந்தார். துண்டை வைக்கச் சொன்னால், "சித்தப்பா வரட்டும். ஊரில எங்கட வீட்டுக்கு முகடு கட்டினவன் அவன்தானே," என்பார் அப்பா.

ஒருநாள் ஊரிலிருந்து போன் வந்தது. அம்மா சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்தார். அதன்பிறகு அப்பா மேசைப் பக்கம் போகவில்லை. பல நாள் கழித்து, அந்தத் துண்டு எங்கே என்று கேட்டேன்.

"அது பெட்டிக்குள்ள முதலே இருக்கேல்லை, பிள்ளை."