குழாயடி மாடத்து டம்ளர்

புனே வானவடியில் ஏழாவது மாடியில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போனால் எனக்கு முதலில் தலை சுற்றும், பிறகு டீ வரும். போன வாரம் டீயோடு ஒரு வாசனையும் வந்தது. பாத்திரம் தேய்க்க வரும் மாவ்ஷிக்கு என் மருமகள் காது உடைந்த ஒரு கப்பில் டீ கொடுத்தாள். மாவ்ஷி தரையில் உட்கார்ந்து குடித்தாள். தானே கழுவி, மற்றக் கப்புகளோடு சேர்க்காமல் ஜன்னல் கம்பியோரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். எனக்கு மட்டும் சிவப்புச் சோப்பு வாசனை அடித்தது. அந்த வீட்டில் கட்டிச் சோப்பே கிடையாது, எல்லாம் அமுக்கினால் ஒழுகுகிற சமாச்சாரம்தான். அடித்தது அறுபது வருஷத்துக்கு முந்தைய சோப்பு.

அது ஜெயமணி அத்தையின் சோப்பு. அப்பாவின் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவக் கணக்கு ஆபீஸ் வேலைக்குப் புனே வந்த அப்பா, கேம்ப் பகுதியில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார். நர்ஸ் படிப்பு முடித்த தங்கையையும் இங்கேயே அழைத்துக்கொண்டார். அவளுக்குக் கௌரவமான ஆஸ்பத்திரியில்தான் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இப்போது தொழுநோய் என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்றைக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே தெருவில் கதவைச் சாத்துவார்கள். அங்கே கை போதவில்லை என்பதுதான் அத்தை சொன்ன காரணம். அதோடு அவளுக்கு வந்துகொண்டிருந்த வரன்களும் நின்றுபோயின.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். பின்பக்கக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, அங்கேயே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வாள். குழாயடிச் சுவரின் மாடத்தில் அவளுக்கென்று நீல விளிம்பு வைத்த எனாமல் டம்ளர் ஒன்று இருந்தது. வாங்கி வைத்தவள் அம்மா. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாலு பிள்ளை பெற்றவள், பயந்தாள். முதல் நாள் அதில் காப்பி ஊற்றிக் கொடுத்தபோது அத்தை டம்ளரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு மதினி, சூடு நிக்கும்” என்றாளாம். குடித்து முடித்ததும் அவளே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது.

எங்களுக்கு அத்தை வந்தால் விளையாட்டு. கைப்பையில் ஒரு கோழி இறகு வைத்திருப்பாள். எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, கையிலும் காலிலும் முதுகிலும் இறகால் தொடுவாள். தொட்ட இடத்தை நாங்கள் விரலால் காட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் பெப்பர்மின்ட். படிப்பில் வாங்காத பரிசையெல்லாம் நான் இதில்தான் வாங்கியிருக்கிறேன். உடம்பில் உணர்ச்சி மரத்த இடம் உண்டா என்று நோயாளிகளைச் சோதிக்கிற முறை அது என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு இருந்த பயம் அத்தைக்கும் இருந்திருக்கிறது, பாவம். அவள் அதை விளையாட்டாக்கி எங்களுக்குக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. அத்தை லீவு போட்டுவிட்டு வந்து தங்கினாள். முதலில் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் ஏறிய பிறகு யார் கை என்று பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. கஞ்சி ஊட்டியதும், உடம்பு துடைத்ததும், சிக்குப் பிடித்த தலையைப் பொறுமையாக வாரிவிட்டதும் அத்தைதான். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் புறப்பட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா தன் கல்யாணத்துக்கு வந்த வெள்ளி டம்ளரைச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் குழாயடியில் அத்தையிடம் அடம்பிடித்தேன், இன்றைக்கு நீங்கள் கண்ணை மூட வேண்டும், நான்தான் தொடுவேன் என்று. மாட்டேன் என்றவள், பிறகு ஏனோ இறகை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தைத் தொட்டேன், காட்டினாள். உள்ளங்கையைத் தொட்டேன், காட்டினாள். இடது முழங்கைக்குக் கீழே தோல் லேசாக வெளுத்த ஓர் இடத்தில் தொட்டேன். அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் தொட்டேன்.

“ம், தொடு பிள்ளே” என்றாள்.

அத்தை தோற்றுவிட்டாள் என்று கத்திக்கொண்டே நான் உள்ளே ஓடினேன்.

அம்மா வெள்ளி டம்ளரில் காப்பியோடு வெளியே வந்தாள். “இனிமே இதுலதான் உனக்கு. உள்ள வந்து உக்காரு ஜெயமணி.” அத்தை சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள். “என் டம்ளர்லயே தாங்க மதினி. அதுதான் பழக்கம்.” அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பழசையெல்லாம் மனதில் வைத்துப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அத்தை அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

அப்பா போய் விசாரித்து வந்தார். அத்தை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அதே வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை சாப்பிட்டால் பரவாது, தைரியமாக வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று எத்தனையோ பேருக்கு மராத்தியில் சொல்லி அனுப்பியவள் அவள். தனக்கு அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பிள்ளைகள் இருந்தோம்.

அம்மா ஃபிளாஸ்க்கில் காப்பியும் பையில் வெள்ளி டம்ளருமாக என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். டாங்கா குதிரைவண்டிக்காரர் ரோட்டு முனையிலேயே இறக்கிவிட்டார். சோளக்காட்டு வழியே நடந்து போனோம். அத்தை ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடித்துக் கை கழுவிவிட்டு வந்ததும், அம்மா வெள்ளி டம்ளரில் காப்பியை ஊற்றி நீட்டினாள். அத்தை ஒரு தரம் வார்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

“இங்க குடிக்கலாம் மதினி. இங்க யாரும் பயப்பட மாட்டாங்க.”

திரும்பும் வழியெல்லாம் அம்மா அழுதாள். எனக்கு ஏனென்று புரியவில்லை, நானும் கூட அழுதேன்.

அத்தைக்கு நோய் குணமானது. ஆனாலும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சில வருஷம் கழித்து மாரடைப்பில் அங்கேயே இறந்தாள், அங்கேயே அடக்கம் செய்தோம். அதுவரை ஞாயிறுதோறும் ஃபிளாஸ்க்கோடு போய்வந்த அம்மாவும் இப்போது இல்லை. டாங்கா இல்லை, சோளக்காடு இல்லை, அந்த இடமெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டது. எங்கள் ஓட்டு வீட்டை இடித்தபோது குழாயடி மாடமும் போயிற்று.

அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு என் கப்பை நானே கழுவினேன். கழுவி, ஜன்னலோரம் அந்தக் காது உடைந்த கப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.

மருமகள் பார்த்துவிட்டாள். “அத்தை, அது மாவ்ஷி கப் வைக்கிற ஜாகா” என்று சிரித்துக்கொண்டே என் கப்பை எடுத்து, இன்னொரு முறை கழுவினாள்.