பொத்தானை விட்டால்தான் கேட்கும்

யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்த என்னை ஒயர்லெஸ்ஸில் போட்டார்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. வாய் மட்டும் ஓயாது. ஓயாத வாயைச் சம்பளத்துக்குப் பேசவிட்டால் அடங்கிவிடும் என்று யாரோ ஓர் அதிகாரி நினைத்திருப்பார். அடங்கவில்லை.

பயிற்சிக்கென்று எங்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் செஞ்சி. என் சொந்த ஊருக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். ஒயர்லெஸ் பொருத்திய லாரிகள் இரண்டு. ஒன்று கோட்டைக்குக் கிழக்கே, கடைத்தெருப் பக்கம் முகாமில் நின்றது. அதில் எங்கள் ஹவில்தார். இன்னொன்றை மலைக்கு மேற்கே புளியந்தோப்பில் ஒளித்து வைத்திருந்தார்கள். அதில் அவலூர்ப்பேட்டைக்காரன், என் கூட்டாளி. நடுவில் மலை மறைத்ததால் இந்த லாரி பேசுவது அந்த லாரிக்குக் கேட்காது. அதனால் சின்ன ஒயர்லெஸ் செட் ஒன்றோடு என்னை அந்த ராஜகிரி மலை உச்சியில் உட்கார வைத்தார்கள். இங்கே கேட்டதை அங்கே சொல்ல வேண்டும், அங்கே கேட்டதை இங்கே. துணைக்கு, செட்டில் பேசத் தெரியாத ஒரு சிப்பாய். அவன் தெலுங்குக்காரன், என் கேலி பாதி புரியாததால் என்னோடு நன்றாக இருந்தான்.

செட்டில் பேசுவதற்கு முறை உண்டு. முதலில் காது கொடுத்து, வேறு யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகுதான் கைப்பிடியில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கும்வரை நாம் பேசலாம், ஆனால் நமக்கு எதுவும் கேட்காது. முடித்ததும் 'ஓவர்' சொல்லிப் பொத்தானை விட வேண்டும். வந்த செய்தியை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். நான் இதில் எதையும் ஒழுங்காகச் செய்தவனில்லை. 'ஓவர்' என்பதற்குப் பதில் "சர்தான் போ" என்பேன். அவலூர்ப்பேட்டைக்காரன் பேசினால், "இன்னா மச்சான், சந்தையில மாடு வெல பேசற மாதிரியே கத்தற" என்பேன். அவனும் விடமாட்டான். "உச்சியில கொரங்குங்க ஜாஸ்தின்னாங்க. ஒண்ணு செட்டு வெச்சிருக்குதுன்னு சொல்லல" என்பான்.

ஒருநாள் உச்சிவெயில் நேரம் ஹவில்தாரின் குரல் வந்தது. சாதாரண நாளில் அவர் என்னைத் திட்டித்தான் ஆரம்பிப்பார். அன்று திட்டவில்லை.

"ஒன் பங்காளி சைக்கிள்ல வந்திருக்கான். ஒங்கப்பா காலமாயிட்டாராம். பொழுது சாயறதுக்குள்ள எடுக்கறாங்களாம். ஓவர்."

பொத்தானை அழுத்தினேன். "என் பங்காளி சைக்கிள்ல வந்திருக்கான். எங்கப்பா காலமாயிட்டாராம். பொழுது சாயறதுக்குள்ள எடுக்கறாங்களாம். ஓவர்." வார்த்தை தவறவில்லை. அதற்கு முன் எந்தச் செய்தியையும் நான் அவ்வளவு சரியாகத் திருப்பிச் சொன்னதில்லை.

மலைக்கு மேற்கே ஹவில்தார் சொன்னது கேட்டிருக்காது. நான் சொன்னது மட்டும் கேட்டிருக்கும்.

"டேய், லீவுக்காக போன மாசந்தான் ஒரு பெரியம்மாவ சாவடிச்ச. இப்ப நைனாவா?" என்றான் அவலூர்ப்பேட்டைக்காரன்.

"செய்தி சரி. ஓவர்" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. நான் 'ஓவர்' சொன்னதை அவன் அன்றைக்குத்தான் கேட்கிறான்.

"மெய்தானாடா?" என்றான்.

மறுபடி ஹவில்தார். மாற்றாள் திண்டிவனத்திலிருந்து வர வேண்டும், இருட்டிவிடும் என்றார். அதுவரை நான் இறங்கினால் இரண்டு லாரிக்கும் நடுவில் பேச்சு அறுந்துவிடும். "நான் இன்னா செய்யட்டும், சொல்லு" என்றார். அதையும் திருப்பிச் சொன்னேன். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. நான் போகாவிட்டால் பங்காளி கொள்ளி வைப்பான். இதையெல்லாம் யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்டதுபோலத்தான் நினைத்தேன். பக்கத்தில் ஒரு குரங்கு சிப்பாயின் சப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நீ எறங்கு" என்றது மேற்கிலிருந்து குரல். "வண்டிய தோப்புலேருந்து வெளிய எடுக்கறேன். தெக்கால ஏரிக்கர மேல நின்னா மல மறைக்காது. ஹவில்தார்கிட்ட நேரா பேசிக்கறேன்."

"ஒளிஞ்சி நிக்கணும்னு ஆர்டர்."

"ஒளிஞ்சது போதும். எவனாவது கேட்டா, மாடு முட்டிச்சி, வண்டி தானா நவுந்துதுன்னு சொல்றேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

கீழே தோப்பிலிருந்து லாரி வெளியே வந்தது. தீப்பெட்டி அளவுதான் தெரிந்தது. கரை மேல் ஏறி நின்றது. பொத்தானைத் தொடாமல் காது கொடுத்தேன். அவன் ஹவில்தாரைக் கூப்பிட்டான். பதில் இல்லை. லாரி இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்தது. மறுபடி கூப்பிட்டான்.

"கேக்குது" என்றார் ஹவில்தார். "கரகரங்குது, ஆனா கேக்குது. அவன எறங்கச் சொல்லு."

"அவனுக்கே கேட்டிருக்கும்" என்றான் அவலூர்ப்பேட்டைக்காரன்.

செட்டைச் சிப்பாயிடம் ஒப்படைத்துவிட்டு, உச்சிக்குக் கீழே பாறைப் பிளவின் மேல் போட்டிருந்த மரப்பாலத்தைத் தாண்டி இறங்கினேன். அடிவாரத்தில் பங்காளி சைக்கிளோடு நின்றிருந்தான். வழியெல்லாம் அவன் ஏதோ சொல்லிக்கொண்டே மிதித்தான். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

பிணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். நேராகச் சுடுகாட்டுக்கே போனோம். மாமா என் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்தார். நைனாவைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அம்பட்டர் கத்தியால் குடத்தில் ஓட்டை போட, தண்ணீர் முதுகில் வழிந்தது. ஆட்களின் வாய் அசைந்தது. சத்தம் எதுவும் வரவில்லை.

"போட்றா" என்று மாமா சொல்லியிருக்க வேண்டும். அவர் வாயை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் போடவில்லை. அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். என் கட்டைவிரல் குடத்தின் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது, நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு.

"வுடுடா. பின்னால வுடு, திரும்பிப் பாக்காத" என்று வாயசைத்தபடி அவரே விரலைப் பிரித்துவிட்டார்.

குடம் பின்னால் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தம் கேட்டது. பிறகு எதற்காகவோ காத்து நின்றேன். யாரும் பேசவில்லை. கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள். வைத்தேன். நெருப்பு பிடித்ததும் அதன் இரைச்சல் வந்தது, யாரும் பேசாதபோது செட்டில் வருகிற அதே இரைச்சல்.